புட்டிப்பால்: எதில் அவசரப்படலாம், எதில் கூடாது

பால் பவுடர் கலக்க ஏன் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறோம்? யாரைக் கேட்டாலும் "தண்ணியில இருக்கற கிருமி சாகத்தான்" என்பார்கள். சரிதான், ஆனால் அது பாதி பதில். அந்தப் பாதியை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு, மகள் பிறந்த புதிதில் நான் ரொம்பக் கவனமாக ஒரு தப்பைச் செய்துகொண்டிருந்தேன். படுக்கப் போகும் முன் தண்ணீரைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, மூடி வைத்துவிடுவேன். நடுராத்திரியில் குழந்தை அழுதால் ஆறிய தண்ணீரில் பவுடரைப் போட்டு ஒரு குலுக்கு. ஒரே நிமிடத்தில் பால் தயார். இவ்வளவு கெட்டிக்காரத்தனமா என்று எனக்கே பெருமையாக இருந்தது. தடுப்பூசிக்குப் போன இடத்தில் ஒரு செவிலியர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தண்ணிய கொதிக்க வச்சீங்க, சரி. பவுடரை யார் கொதிக்க வச்சா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆலையிலிருந்து முத்திரையோடு வரும் டப்பாவுக்குள் கிருமி எங்கே இருக்கப்போகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

குழந்தைகளுக்கான பால் பவுடர் சுத்தமானது, ஆனால் கிருமியே இல்லாதது அல்ல. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை முழுவதும். ஆலையில் பாலைச் சூடாக்கி, வெந்காற்றில் பனித்துளி போலத் தெளித்து உலர்த்துகிறார்கள். அந்தச் சூட்டில் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். அதன்பிறகு பொடியில் வேறு சத்துகளைக் கலப்பது, பைகளில் அடைப்பது என்று பல கட்டங்கள் இருக்கின்றன. அந்த வழியில் எங்காவது ஒரு துளி கிருமி ஒட்டிக்கொள்ள இடம் உண்டு. உலர்ந்த பொடியை முழுக்கக் கிருமி நீக்கி விற்கும் வழி இன்றுவரை நடைமுறையில் இல்லை. அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் திரவமாகவே புட்டியில் அடைத்த, அப்படியே குடிக்கத் தரும் பால் கிடைக்கிறது. அடைத்த புட்டியோடு சூடாக்கப்படுவதால் அதில் மட்டும் கிருமி கிடையாது. நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பவுடர்தான்.

இதில் பயப்பட வேண்டிய கிருமிகள் இரண்டு. ஒன்று சால்மோனெல்லா, பலரும் கேள்விப்பட்டதுதான். இன்னொன்றின் பெயர் க்ரோனோபாக்டர். 1980-இல் ஜப்பானிய நுண்ணுயிர் ஆய்வாளர் சகசாகியின் பெயரைச் சேர்த்து வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார்கள். பிற்பாடு தனிப் பேரினமாகப் பிரித்தபோது கிரேக்கப் புராணத்தின் க்ரோனோஸ் பெயரை வைத்தார்கள். தனக்குப் பிறந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே விழுங்கியவன் அந்த க்ரோனோஸ். பெயர் வைத்தவர்கள் விளையாட்டுக்கு வைக்கவில்லை. இந்தக் கிருமியால் வரும் நோய் அரிது, மிக அரிது. ஆனால் வந்தால் ரத்தத்திலும் மூளை உறையிலும் போய்த் தாக்கும். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைகள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

அதன் சாமர்த்தியம் என்னவென்றால், ஈரமே இல்லாத பொடிக்குள் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். பெருகாது, சாகவும் சாகாது. வெதுவெதுப்பான தண்ணீர் பட்டதும் எழுந்து உட்கார்ந்து பெருக ஆரம்பிக்கும். நான் ராத்திரி செய்துகொண்டிருந்தது அதற்கு விருந்து வைத்தது போலத்தான்.

2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருந்த ஒரு பெரிய ஆலையை இந்தக் கிருமியின் பேரில்தான் மூடினார்கள். பவுடர் குடித்த சில குழந்தைகள் நோய்ப்பட்டதும் சந்தையிலிருந்து டப்பாக்களைத் திரும்பப் பெற்றார்கள். நாடெங்கும் கடைகளில் தட்டுப்பாடு வந்து, ஐரோப்பாவிலிருந்து ராணுவ விமானத்தில் பால் பவுடர் கொண்டுவர வேண்டியதாயிற்று. கிருமி ஆலையிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. டப்பாவைத் திறந்தபின் நம் சமையலறை மேடை, ஈரக் கை, ஈரக் கரண்டி வழியாகவும் உள்ளே போகலாம்.

70 டிகிரி

உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பும் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வது இதுதான்: பவுடரைக் கலக்கும் தண்ணீரின் சூடு 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. அந்தச் சூட்டில் பவுடரில் இருக்கும் க்ரோனோபாக்டர் செத்துவிடும். ஆகத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கு இரண்டு காரணங்கள். முதல் காரணம் தண்ணீருக்காக, இரண்டாவது பவுடருக்காக. ஆறவைத்துக் கலந்தால் முதல் வேலை நடக்கும், இரண்டாவது நடக்காது.

இங்கே ஒரு குழப்பம் வரும். பல டப்பாக்களின் பின்பக்கம் "கொதித்த நீரை வெதுவெதுப்பாக ஆறவைத்துக் கலக்கவும்" என்று இருக்கும். மிகச் சூடான நீர் சில வைட்டமின்களைக் கொஞ்சம் குறைக்கும், பொடி கட்டி கட்டும், நல்ல பாக்டீரியா சேர்த்த வகைகளில் அவையும் செத்துவிடும் என்பதெல்லாம் உண்மையே. யார் சொல்வதைக் கேட்பது? என் கணக்கு இது: குழந்தை இரண்டு மாதத்துக்குள் என்றாலோ, குறைமாதக் குழந்தை என்றாலோ 70 டிகிரிதான், பேச்சே இல்லை. நல்ல பாக்டீரியா சேர்த்த பவுடராக இருந்தால் இந்த வயதில் அது தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிடலாம். வளர்ந்து திடமாக இருக்கும் குழந்தைக்கு எப்படிக் கலப்பது என்பதையும் குழந்தையைப் பார்க்கும் மருத்துவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். எப்படிக் கலந்தாலும் கலந்த பாலை வெளியே போட்டு வைக்கக் கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் பொது.

தெர்மாமீட்டர் இல்லாமல் 70 டிகிரியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கி, மூடி வைத்து, அரை மணி நேரத்துக்குள் பயன்படுத்தினால் போதும். இதில் "ஒரு லிட்டர்" என்பது முக்கியம். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அரை மணி நேரம் விட்டால் அது எப்போதோ ஆறிப்போயிருக்கும். நிறையத் தண்ணீர் இருந்தால்தான் சூடு நிற்கும். ஊட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பரவாயில்லை, 70-க்கு மேலே நிறைய இடமிருக்கிறது.

கேன் தண்ணீரையும் ஆர்.ஓ. தண்ணீரையும் கொதிக்க வைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். ஆமாம், கொதிக்க வைத்தே ஆக வேண்டும். அவையும் கிருமி நீக்கியவை அல்ல. அதேபோலக் கொதிக்க வைப்பதால் உப்பு போய்விடாது. வாயில் வைத்தாலே கரிக்கிற போர் தண்ணீரை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது குழந்தைக்கு ஆகாது.

கரண்டிக் கணக்கு

முதலில் தண்ணீர், அப்புறம்தான் பவுடர். இந்த வரிசையை மாற்றினால் அளவு கெட்டுவிடும். 90 மில்லி தண்ணீரில் மூன்று கரண்டி போட்டால் மட்டம் ஏறி 100 மில்லி பக்கம் வந்து நிற்கும். பவுடரை முதலில் போட்டு 90 கோடு வரை தண்ணீர் ஊற்றினால், உள்ளே போன தண்ணீர் 80 சொச்சம்தான். ஒவ்வொரு வேளையும் இப்படிக் கெட்டியாகவே கொடுத்தால் குழந்தைக்கு மலச்சிக்கல் வரும், உடம்பில் உப்பு ஏறும், நீர்ச்சத்து குறையும். பாலை நீர்க்கக் கலந்தால் எடை ஏறாது. ரொம்ப நீர்த்துப்போனால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரும். ஒரு டப்பா விலையை நினைத்து "அரைக் கரண்டி குறைச்சுப் போட்டா என்ன" என்று தோன்றுவது எனக்குப் புரிகிறது. மிச்சம் பிடிக்க வேறு எங்காவது பாருங்கள், இதில் வேண்டாம்.

நம் ஊரில் விற்கும் பெரும்பாலான பவுடர்களுக்கு 30 மில்லிக்கு ஒரு கரண்டி. அமெரிக்க டப்பாக்களில் பெரும்பாலும் 60 மில்லிக்கு ஒன்று. அங்கிருந்து அத்தை வாங்கி வந்த டப்பாவுக்கு இங்கத்திய கணக்கைப் போட்டால் பால் இரட்டிப்புக் கெட்டியாகிவிடும். ஆக அந்தந்த டப்பாவோடு வரும் கரண்டிதான் அந்தந்தப் பவுடருக்கு. பழைய கரண்டி நன்றாக இருக்கிறதே என்று புதுப் பவுடருக்கு எடுக்கக் கூடாது. கரண்டியில் குவித்தும் அள்ள வேண்டாம், அமுக்கியும் அள்ள வேண்டாம். தட்டையாக வழித்து எடுங்கள்.

இங்கே ரீஃபில் பாக்கெட் வாங்கிப் பழைய டப்பாவில் கொட்டுவது வழக்கம். அடியில் மிச்சமிருக்கும் பழைய பொடியின் மேலேயே கொட்டினால், அந்தப் பழசு எப்போது திறந்தது என்ற கணக்கே போய்விடும். டப்பாவைக் காலி செய்து, கழுவி, ஒரு பொட்டு ஈரமில்லாமல் காயவைத்த பிறகு கொட்டுங்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கிழித்து டப்பாவில் ஒட்டி, திறந்த தேதியை எழுதிவைப்பது என் பழக்கம். திறந்தால் ஒரு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். சில கம்பெனிகள் மூன்று வாரம் என்றுகூடப் போடுகின்றன. டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

சர்க்கரை, ராகி மாவு, பொடித்த பிஸ்கட் எதையும் பாலில் சேர்க்க வேண்டாம். "கொஞ்சம் கெட்டியா குடுத்தா நல்லா தூங்கும்" என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குப் பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுப்பதும் இந்தப் பாலுக்கு மாற்று ஆகாது.

சீக்கிரமாகச் செய்வது எப்படி

அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கக் காத்திருக்க யாராலும் முடியாது. அவசரப்படாதீர்கள் என்று உபதேசம் செய்வதில் பயனில்லை. எதையெல்லாம் முன்கூட்டியே செய்துவைக்கலாம் என்று பார்ப்பதுதான் வழி. தண்ணீரை முன்பே சூடாக்கி வைக்கலாம். பவுடரை முன்பே அளந்து வைக்கலாம். புட்டியை முன்பே கிருமி நீக்கி வைக்கலாம். கலப்பதை மட்டும் தள்ளிப்போட வேண்டும்.

நாங்கள் கடைசியில் வந்து நின்ற ஏற்பாடு பிளாஸ்க். நல்ல ஸ்டீல் பிளாஸ்க் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை வாய்வரை ஊற்றி மூடிவிடுவோம். பக்கத்தில் சுத்தமான, காய்ந்த சின்ன டப்பிகளில் ஒவ்வொரு வேளைக்கும் மூன்று கரண்டி பவுடர். கிருமி நீக்கிய புட்டிகள் மூடியோடு. அழுதால் தண்ணீர், பவுடர், குலுக்கல், அவ்வளவுதான். தூக்கக் கலக்கத்தில் இரண்டாவது கரண்டியா மூன்றாவதா என்று தடுமாறும் பிரச்சினையும் இல்லை. (எண்ணிக்கை தவறிவிட்டால் ஊகம் வேண்டாம், கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டியதுதான்.) பிளாஸ்க் விஷயத்தில் ஒன்றை மட்டும் சோதித்துவிடுங்கள். ராத்திரி கொதிநீர் ஊற்றி, காலையில் சமையல் தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்கள். 70-க்குக் கீழே போயிருந்தால் நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். எங்கள் வீட்டுப் பழைய பிளாஸ்க் காலையில் காபிக்குக்கூட லாயக்கில்லாத சூட்டில் இருந்தது. புதிது வாங்கினோம்.

கலந்த பால் கொதிக்கிறதே, அதை எப்படி ஆற்றுவது? ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர், முடிந்தால் நாலு ஐஸ் கட்டி. மூடிய புட்டியை அதில் நிறுத்தி மெதுவாகச் சுழற்றினால் சில நிமிடங்களில் ஆறிவிடும். குழாயடியில் பிடித்தாலும் ஆகும், தண்ணீர் மூடிக்கு மேலே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வெளியே துடைத்துவிட்டு, மணிக்கட்டின் உள்பக்கம் ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடே தெரியாத மாதிரி இருந்தால் சரி.

இன்னொரு குறுக்குவழியும் பலர் செய்கிறார்கள். பாதித் தண்ணீரைக் கொதிசூட்டில் ஊற்றி மொத்தப் பவுடரையும் அதில் கலந்து, மீதிப் பாதிக்குக் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றுவது. உடனே குடிக்கும் சூட்டுக்கு வந்துவிடும். யோசனை தப்பில்லை, ஆனால் 40, 50 மில்லி சுடுநீர் புட்டியில் விழுந்ததுமே சூட்டை இழந்துவிடும். கண்ணாடிப் புட்டி என்றால் இன்னும் வேகமாக. பவுடர் விழும் நேரத்தில் 70 இருக்குமா என்பதற்கு உத்தரவாதமில்லை. பிறந்த குழந்தைக்கு இதை நான் செய்ய மாட்டேன்.

ஒரு நாளுக்கு வேண்டியதை மொத்தமாகக் கலந்து ஃபிரிட்ஜில் வைக்கலாமா? வைக்கலாம். 70 டிகிரி நீரில் கலந்து, உடனே ஆற்றி, ஃபிரிட்ஜின் உள்பக்கம் வைக்க வேண்டும். கதவில் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் அங்கே சூடு ஏறி இறங்கும். 5 டிகிரிக்குள் இருந்தால் 24 மணி நேரம் வரை தாங்கும். எடுத்ததும் சுடுநீர்ப் பாத்திரத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் போகாமல் வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். அடிக்கடி கரன்ட் போகும் ஊரில் இருந்தால் இந்த வழியை விட்டுவிடுவது நல்லது. மைக்ரோவேவ் எந்த வழியிலும் வேண்டாம். புட்டி தொட்டால் இளஞ்சூடாக இருக்கும், உள்ளே ஒரு இடத்தில் மட்டும் பால் கொதித்துக் கிடந்து நாக்கைச் சுட்டுவிடும்.

இரண்டு கடிகாரங்கள்

கலந்து, ஃபிரிட்ஜில் வைக்காமல் வெளியே இருக்கும் பாலுக்கு இரண்டு கடிகாரங்கள் ஓடும். கலந்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஒன்று. குழந்தை வாய் வைத்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் இன்னொன்று. எது முதலில் முடிகிறதோ அதோடு பாலைக் கொட்டிவிட வேண்டும். வாய் வைத்தபின் எச்சில் கலந்துவிடுகிறது, அதை ஃபிரிட்ஜில் வைத்தும் காப்பாற்ற முடியாது. சித்திரை வெயிலில், மின்விசிறிகூட வெந்காற்று வீசும் நாட்களில், இரண்டு மணி நேரம் என்பதையே நான் அதிகம் என்று நினைப்பேன். எங்கள் அம்மாவுக்கு மிச்சப் பாலைக் கொட்டுவதைப் பார்க்கவே பொறுக்காது. "அரைப் புட்டி அப்படியே இருக்கே" என்பார். அதற்கு ஒரே மருந்து, குறைவாகக் கலப்பது. அறுபது மில்லி கலந்து கொடுத்து, இன்னும் கேட்டால் இன்னொரு முப்பது புதிதாகக் கலக்கலாம். முதல் வாரம் தாண்டிய குழந்தைக்கு ஒரு நாளைக்கு எடையில் கிலோவுக்குச் சுமார் 150 மில்லி என்பது பொதுவான கணக்கு. நான்கு கிலோ குழந்தைக்கு நாளெல்லாம் சேர்த்து 600 மில்லி. வேளைக்கு வேளை கூடும் குறையும், முகத்தைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம்.

இனி புட்டி. கிருமி நீக்குவதற்கு முன் கழுவுவதுதான் பெரிய வேலை, அதைத்தான் பலரும் சுருக்கிவிடுகிறார்கள். பாலின் கொழுப்பு சுவரில் படலமாக ஒட்டியிருந்தால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அதன் அடியில் கிருமி பத்திரமாக இருக்கும். குடித்து முடித்த உடனே அலசி, சோப்பு நீரில் பிரஷ் விட்டுத் தேய்த்து, நிப்பிளை உள்வெளியாகத் திருப்பிக் கழுவுங்கள். அப்புறம் ஒரு பெரிய பாத்திரத்தில், உள்ளே காற்றுக் குமிழி நிற்காமல் முழுக்க மூழ்கவிட்டு, பத்து நிமிடம் கொதிக்கட்டும். நீராவி ஸ்டெரிலைசர் இருந்தால் இன்னும் சுலபம். எடுக்கும்போது கை கழுவியிருக்க வேண்டும், இடுக்கி இருந்தால் நல்லது. கிருமி நீக்கிய புட்டியை உள்ளே துண்டால் துடைப்பது, முந்தானையால் நிப்பிளை ஒற்றி எடுப்பது, இந்த இரண்டும் பத்து நிமிட வேலையை ஒரு நொடியில் வீணாக்கிவிடும். தானாகக் காயட்டும்.

இவ்வளவு மூலை முடுக்கு உள்ள பாத்திரத்தைக் கழுவுவது சிரமம் என்று தோன்றினால், நம் பாட்டிமாரிடம் வேறு ஒன்று இருந்தது. பாலாடை. சின்னக் கிண்ணம், ஒரு மூக்கு, அவ்வளவுதான். ஒளிந்துகொள்ள மூலையே கிடையாது. குறைமாதக் குழந்தைகளுக்கு நம் ஊர் மருத்துவமனைகளில் இன்றும் இதில்தான் புகட்டுகிறார்கள். அந்த உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டுதலிலும் புட்டியைவிடக் கிண்ணம் கழுவ எளிது என்றே இருக்கிறது. பாலாடையில் கொடுக்கும்போது குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். கழுத்தை மல்லாத்திப் போட்டு ஊற்றினால் புரையேறும்.

இந்தியாவில் குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரமே பார்த்திருக்க மாட்டீர்கள். 1992-இல் வந்த சட்டம் அதைத் தடுக்கிறது, தாய்ப்பாலே சிறந்தது என்று டப்பாவில் போடவும் சொல்கிறது. அதைப் படித்துவிட்டுக் குற்ற உணர்ச்சியோடு கலக்கும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் பேசி எடுத்த முடிவு என்றால் அதோடு விடுங்கள், கையைக் கழுவிக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

ரயிலில் போகும்போதும் இதே ஏற்பாடுதான். கிளம்பும் முன் கொதிநீர் ஊற்றிய பிளாஸ்க், அளந்த டப்பிகள், மூடிய புட்டிகள். வீட்டிலேயே கலந்து பையில் போட்டுக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்பினால் விழுப்புரம் தாண்டும்போது இரண்டு மணி நேரம் ஆகிவிடும். குழந்தை அப்போதுதான் தூங்கி எழுந்து அழும். குழந்தைக்கு ஜுரம் அடித்தாலோ, பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலோ, குறிப்பாக மூன்று மாதத்துக்குள் 38 டிகிரியைத் தொட்டாலோ, ஊர் போய்ச் சேரட்டும் என்று இருக்காமல் அடுத்த பெரிய ஸ்டேஷனிலேயே இறங்கி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.